கேழ்வரகுக் களிக்கு எடுத்த எக்ஸ்ரே

திருவண்ணாமலையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் ஆதிலட்சுமி அக்காவின் குரல் ஞாபகம் இருக்கும். முகம் ஞாபகம் இருக்காது. எப்படி இருக்கும்? சில்லென்ற பலகையில் நெஞ்சை அழுத்தி, தாடையைத் தூக்கி வைத்து, சுவரைப் பார்த்து நிற்கிறோம். முதுகுக்குப் பின்னால் இருந்து, "மூச்ச இழுங்க... புடிங்க... அப்படியே இருங்க... வுடுங்க" என்று ஒரு அதட்டல் வரும். அந்த அதட்டலுக்குத் தாசில்தாரும் அடங்கினார், தவில்காரரும் அடங்கினார்.

நான் வேதா. தேரடித் தெருவில் இருந்த ஜினராஜ் எக்ஸ்ரே நிலையத்தில் முன் மேஜை எனக்கு. சீட்டு எழுதுவது, பேர் கூப்பிடுவது, ரிப்போர்ட் தட்டுவது எல்லாம் நான்தான். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஒரு பேச்சு உண்டு. பத்து வருஷம் அக்காவோடு வேலை பார்த்தவளுக்கு வாய் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அக்கா வேலூரில் எக்ஸ்ரே படித்துவிட்டு 1989இல் இங்கே வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகி ஒரே வருஷத்தில், புருஷன் வேண்டாம் என்று வந்துவிட்டவள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "புடின்னா வுடறான், வுடுன்னா புடிக்கிறான். அவனோட எவ குடும்பம் பண்ணுவா?" என்றாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

முதலாளி ஜினராஜ் ஐயா போளூர் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் நிலமும் சொந்தக் கோயிலும் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். எங்கள் நிலையத்தின் வாசற்படியைத் தாண்டி மாமிசம் எந்த உருவத்திலும் உள்ளே வரக் கூடாது. எக்ஸ்ரே நிலையம் நடத்துகிறவருக்கு இது பெரிய தலைவலி. கால் உடைந்தவனுக்கு ஆட்டுக்கால் சூப் கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். உடைந்த காலோடு வருகிறவன் பின்னாலேயே ஒரு ஃபிளாஸ்க்கும் வரும். ஐயா மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். "வேதா, அந்த ஃபிளாஸ்க்க மட்டும் எதிர்க்கடையில வச்சுட்டு வரச் சொல்லும்மா" என்பார். எதிர்க்கடை வளையல் கடை. பௌர்ணமிக்கு மறுநாள் போய்ப் பார்த்தால், கிரிவலத்தில் கால் பிசகியவர்களின் ஃபிளாஸ்க் எல்லாம் வளையலுக்கு நடுவே வரிசையாக நிற்கும்.

அக்காவின் தொழில் முறையே தனி. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது தாலி நுரையீரலின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கழற்றச் சொன்னால் பெண்கள் அழுதுவிடுவார்கள். அக்கா, "கழட்ட வேணாம், பல்லால கடிச்சுக்கோ" என்பாள். அந்தந்தத் தாலி அந்தந்த வாயில். படமும் சுத்தமாக விழும், அந்த நேரத்துக்கு வாயும் பேசாது. ஒரு தடவை ஆசிரமம் பக்கத்தில் ரூம் எடுத்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் வந்தார். அக்கா கையால் ஜாடை காட்டி "புடிங்க" என்றாள். மனுஷர் கண்ணை மூடிப் பிடித்தவர்தான். படம் எடுத்து, பிலிமைக் கழுவி, அக்கா திரும்பி வந்தாள். அவர் அப்படியே நிற்கிறார். மூச்சுப் பயிற்சி செய்கிறவராம். "வேதா, வெள்ளக்காரரு போயிட்டாருடி!" என்று அக்கா அலறியதில் அவருக்குத் தவம் கலைந்தது.

பிலிம் கழுவும் இருட்டு அறைதான் அக்காவின் ராஜ்ஜியம். மங்கிய சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும், பாதி நாள் அதையும் போடமாட்டாள். பிலிமைப் பிரிப்பது, கிளிப்பில் மாட்டுவது, மருந்துத் தொட்டியில் முக்குவது எல்லாம் கை பார்த்துக்கொள்ளும். நோயாளியின் நெஞ்சை விரலால் சாண் போட்டே மிஷினில் கரண்ட் எத்தனை வைக்க வேண்டும் என்று முடிவு செய்வாள்.

இப்போது யோசித்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது. 2005 வாக்கில், டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டை அக்கா என்னைத்தான் படிக்கச் சொன்னாள். "கோழிக் கிறுக்கலு. வாய் வுட்டுப் படிடி." நானும் படித்தேன். டாக்டர் கையெழுத்து என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அந்த வருஷக் கார்த்திகை தீபத்தன்று நாங்கள் எல்லாரும் நிலையத்தின் மொட்டை மாடியில் நின்றோம். மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அடேங்கப்பா, இந்த வருஷம் வண்டிச் சக்கரம் சைசுக்கு இருக்குதே!" என்றாள். எனக்கு வழக்கமான தீபமாகத்தான் தெரிந்தது. "உனக்கெல்லாம் காட்ட மாட்டார்டி, எனக்கு மட்டும் காட்டறார்" என்றாள். ஒரு மாதம் தெரு முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயாகூட அதை ஊரில் போய்ச் சொன்னார்.

2006 ஆடி மாதம் புது மிஷின் வந்தது. ஐயாவின் மகள் டாக்டர் அனுபமாதான் எங்கள் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்கிறவர். டிஜிட்டல் வேண்டும் என்று அப்பாவை இரண்டு வருஷமாக நச்சரித்தவரும் அவர்தான். சென்னையிலிருந்து அன்பரசன் என்ற இன்ஜினியர் ஒரு பெட்டியும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்து இறக்கினான். பிலிமுக்குப் பதிலாக ஒரு தகடு. எக்ஸ்ரே எடுத்து, தகட்டைப் பெட்டியில் சொருகினால் படம் திரையில் வரும். வெளுப்பாக இருந்தால் கறுப்பாக்கலாம், கறுப்பாக இருந்தால் வெளுப்பாக்கலாம். மருந்துத் தொட்டி வேண்டாம், இருட்டும் வேண்டாம். மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று சொல்ல வேண்டும்.

முதல் படம் திரையில் வந்தது. அக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

"இன்னா தம்பி இது, மார்கழிப் பனியில எடுத்த மாதிரி இருக்குது?"

அன்பரசன் எதையோ திருகினான். "இப்ப பாருங்கம்மா."

"மங்கல்தான்."

இன்னும் திருகினான். எனக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தது. அக்கா மட்டும், "மங்கல்னா மங்கல்தான்" என்றாள். சாயங்காலம் ஐயாவிடம் போய் நின்றாள். "ஐயா, படம் சரியில்ல. இதுல எடுத்தா நோயே தெரியாது. அந்தப் பொட்டி இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன்."

ஐயா ஆடிப்போய்விட்டார். பதினேழு வருஷமாக ஒரு பிலிமை வீணாக்காதவள். "ஆதி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மகளிடம் சொன்னார். அனுபமாவுக்குக் கோபம். "யார் சொன்னாங்கன்னு இல்லப்பா, அளந்து பாக்கலாம். படம் மங்கலா இருந்தா நானே திருப்பி அனுப்பறேன். இல்லன்னா ஆதியக்கா பேச்ச மாத்திக்கணும்." அக்கா பேச்சை மாற்றுகிற ஜாதி கிடையாது. மிஷின் ஜெயித்தால் அக்கா கிளம்பிவிடுவாள். ஐம்பத்திரண்டு வயதில், தனி மனுஷி, எங்கே போய் நிற்பாள்?

அளப்பதற்கென்று அன்பரசன் ஒரு சின்ன தகடு வைத்திருந்தான். அதில் ஈயக் கோடுகள் நெருங்கி நெருங்கிப் போகும். அதைப் படம் எடுத்து, எதுவரை கோடு தனித்தனியாகத் தெரிகிறது என்று பார்ப்பார்களாம். எல்லோரும் பார்த்து எண்ணினோம். அக்காவை எண்ணச் சொன்னதும் சீறினாள்.

"கோட்ட எண்ணறதுக்கு நான் இன்னா ஆரணில தறி போடறவளா? மனுஷன் வயித்துக்குள்ள கோடா இருக்குது? நெஜமான பொருள வைங்க, பாக்கலாம். வேலூர்ல நாங்க ஆட்டுக் கால வச்சித்தான் படம் எடுத்துப் பாப்போம்."

ஆட்டுக் கால் என்றதும் ஐயாவின் மூக்கு தானாக உறிஞ்சியது. "வாசப்படி தாண்டாது" என்றார்.

"அப்ப சேப்பங்கிழங்கு?" என்றான் அன்பரசன். அவனுக்கு இந்த வீட்டு நிலவரம் தெரியாது.

"கிழங்கும் ஆகாதுப்பா. மண்ணுக்குள்ள விளையறதுல உயிர் ஜாஸ்தி."

"சார், எக்ஸ்ரேதான எடுக்கப் போறோம், திங்கவா போறோம்?"

"ஆகாதுன்னா ஆகாது."

பூசணிக்காய் வைத்துப் பார்த்தோம். விதைதான் ஊர்வலம் போகிற மாதிரி தெரிந்தது. பலாப்பழம் என்றான், அது பலகையில் நிற்காது. கடைசியில் எனக்குத்தான் தோன்றியது. வயிறு மாதிரி கனமாக, ஈரமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் அப்படி ஒன்றைத்தான் கிண்டுகிறேன். "ஐயா, கேழ்வரகுக் களி?"

ஐயாவின் முகம் மலர்ந்தது. "சுத்த சைவம்" என்றார்.

மறுநாள் காலையில் பெரிய உருண்டையாகக் கிண்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்தினேன். வீட்டுக்காரர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "எனக்கு?" "இது எக்ஸ்ரேவுக்குப் போகுது" என்றேன். "ஏன், களிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் கடைக்கு இட்லி சாப்பிடப் போனார்.

அனுபமா சொல்லிக்கொடுத்தபடி, யாருக்கும் தெரியாமல் நான் களிக்குள் ஐந்து பொருள்களைப் புதைத்தேன். சிறுநீரகக் கல்லுக்குப் பதிலாக ஒரு கூழாங்கல், கடுகளவு ஒரு மணல் கல், ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி, ஒரு புளியங்கொட்டை, காலியான பேனா ரீஃபில் துண்டு. எங்கே என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும். எத்தனை என்பதைக்கூட வெளியே சொல்லக் கூடாது.

அக்கா தன் கையாலேயே களியைப் பிலிமில் ஒரு தடவை எடுத்தாள், தகட்டில் ஒரு தடவை எடுத்தாள். விரலால் சாண் போட்டுப் பார்த்து, "நல்ல ஒடம்புக்காரன்" என்றாள். அவள் பிலிமை அவளே கழுவினாள். தகட்டுப் படத்தை அன்பரசன் அதே மாதிரி பிலிமில் அச்செடுத்துக் கொடுத்தான். எது யாருடையது என்று தெரியாதபடி இரண்டின் ஓரத்தையும் காகிதம் ஒட்டி மறைத்து, விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். ஒருத்தர் ஒருத்தராக உள்ளே வந்து, தெரிவதை எனக்கு மட்டும் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அனுபமா வந்தார். டிஜிட்டலில் ஐந்தையும் தொட்டார், பிலிமில் புளியங்கொட்டையைத் தவறவிட்டார். அன்பரசனும் ஐயாவும்கூட டிஜிட்டலில்தான் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். ஐயா சோடாபுட்டிக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்து, "இது பேனா ரீஃபில்தானே? ஆபீஸ் பேனாவா?" என்றார்.

மிஷின் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அக்கா வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், இடது பக்கப் படத்துக்கு மூக்கு படுகிற அளவுக்குப் போனாள்.

"மங்கல். இது அந்தப் பொட்டியோட படம். நான் சொன்னேன்ல?"

இடது பக்கம் இருந்தது அவளுடைய பிலிம்.

"அடுத்தத பாருங்கக்கா" என்றேன்.

வலது பக்கம் போனாள். வெகுநேரம் பார்த்தாள். கூழாங்கல்லின் மேல் விரலை வைத்தாள், அது சரி. பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு தடவை வைத்தாள். எடுத்தாள். மறுபடி இடது பக்கம் வந்தாள். திரும்ப வலது பக்கம் போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ரெண்டுல எது என்னுது வேதா?"

"அக்கா, என் பொடவ இன்னா கலரு?" என்று கேட்டேன்.

"சாம்பல்."

நான் கட்டியிருந்தது நல்ல நீலம்.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம்தான்டி. இருட்டு ரூம்ல கை பாத்துக்கும், ஒண்ணும் தெரியாது. இந்தப் பொட்டி வந்தா திரையப் பாத்துல்ல வேல செய்யணும்? கண்ணு தெரியாதவள எக்ஸ்ரே ரூம்ல எவன் வச்சிப்பான்?" அவள் அதட்டாமல் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "நான் எதையாச்சும் சொல்லிச் சமாளிக்கறேன்கா" என்றேன். நிஜமாகவே பொய் சொல்லத் தயாராக இருந்தேன்.

அவள் எழுந்தாள். "சீ, போடி" என்று கதவைத் திறந்துகொண்டு முன் அறைக்குப் போய், எல்லார் எதிரிலும் சொன்னாள். "ஐயா, மிஷின் பாஸ். நான் பெயில்."

அனுபமா அங்கேயே அவளை உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிக்கொண்டு வருகிறது என்றார். "எவ்ளோ நாளா இப்படி, ஆதி?" என்று ஐயா கேட்டார். எனக்குச் சட்டென்று வண்டிச் சக்கரம் ஞாபகம் வந்தது. "போன தீபத்துலேருந்து ஐயா! வெளிச்சமெல்லாம் சிதறிப் பெருசாத் தெரிஞ்சிருக்குது!" ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, அத நான் எங்க ஊரு முழுக்கச் சொல்லிட்டேனேம்மா!"

யாரும் சிரிக்கக் கூடாத நேரம். அன்பரசன்தான் முதலில் சிரித்தான், கடைசியில் அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு ஒரே கவலை பிடித்துக்கொண்டது. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்குத் தப்பாகப் படம் எடுத்தேனோ என்று புலம்பினாள். அனுபமா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கைவசம் இருந்த பிலிம்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். இரண்டு மூன்றில் ஆள் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தாரே தவிர, எந்த நோயும் தப்பவில்லை. அதைக் கேட்டபிறகுதான் அக்கா அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு ஐயாவிடம் போனாள்.

"பொட்டி இருந்தா நான் இருக்க மாட்டேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நான் போறேன் ஐயா."

"போ" என்றார் ஐயா. "பாண்டிச்சேரிக்குப் போ. கண்ணாஸ்பத்திரிக்கு. நானே வண்டில கூட்டிட்டுப் போறேன். கண்ண சரி பண்ணிட்டு நேரா இங்க வா."

புரட்டாசியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. ஓய்வு முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்தவள் முதல் வேலையாகக் களிப் படத்தைத் திரையில் போடச் சொன்னாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஐந்தையும் டக்டக்கென்று தொட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளோ இன்னும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏண்டி, களி கட்டி தட்டியிருக்குது? இதையா உன் புருஷனுக்குப் போடற?"

வலது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா போகவில்லை. சளி என்றாள், தீபாவளி என்றாள், மழை என்றாள். நான் திட்டினேன், அனுபமா திட்டினார். "கார்த்திகை கழியட்டும்" என்பதே பேச்சு. பயந்துகொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

தீபத்தன்று சாயங்காலம் நாங்கள் மறுபடி மொட்டை மாடியில் நின்றோம். ஐயா பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊர் முழுக்க "அரோகரா" என்று எழுந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வலது கண்ணைப் பொத்தினாள்.

"இதுல கடுகாட்டம் இருக்குது."

இடது கண்ணைப் பொத்தினாள். "இதுல வண்டிச் சக்கரம்."

மாற்றி மாற்றிப் பொத்தினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதற்காகத்தான் அந்தக் கண்ணை இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறாள்.

"எது நல்ல படம், ஆதி?" என்று ஐயா கேட்டார்.

அக்கா இடது கண்ணுக்கு நேரே விரலைக் காட்டினாள். "படம் இந்தக் கண்ணுலதான் ஐயா சுத்தமா விழுது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கண்ணுல பாத்தா சாமி கிட்ட வந்த மாதிரி இருந்தாரு. அதான் இன்னொரு தடவ பாத்துக்கிட்டேன். வர்ற வாரம் வண்டி எடுங்க, அதையும் முடிச்சுடலாம்" என்றாள்.

பிறகு கும்பிட்டாள். கும்பிட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பொத்திக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் வெடிச் சத்தம் அடங்கி, பக்கத்து மாடிக்காரர்கள் இறங்கிப் போகத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை. பார்த்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"வுடுங்கக்கா" என்றேன்.